சேற்றுக்கு மலிவு டயர் தாங்குமா: செல்வத்துக்கு ஒரு கடிதம்

கோத்தகிரி,
ஐப்பசி 10

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. பெரியவளுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்த சேதி மனசுக்கு நிறைவாக இருந்தது. இங்கே வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டது. தேயிலைத் தோட்டத்து மண்பாதை எல்லாம் செஞ்சேறாகக் கிடக்கிறது. சைக்கிளோடு வரப்போவதாக எழுதியிருக்கிறாய், சந்தோஷம். ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிற, மேலே ரப்பர் முண்டுகள் நிற்கிற பட்டன் டயர் போதுமா, நாலைந்தாயிரம் போட்டு வெளிநாட்டு டயர் வாங்க வேண்டுமா என்று கேட்டிருந்தாய். பின்சக்கரத்துக்கு மலிவு டயரே போதும். முன்சக்கரத்தில் மட்டும் மிச்சம் பிடிக்காதே.

ஏன் என்று சொல்கிறேன். வெறும் சேறு உள்ள இடத்தில் பட்டன் சேற்றைக் குத்திக்கொண்டு இறங்கி, அடியிலுள்ள கெட்டி மண்ணைப் பற்ற வேண்டும். அதற்கு வேண்டியது பட்டனின் உயரமும் பட்டனுக்குப் பட்டன் இடைவெளியும். ரப்பரின் தரம் அங்கே பெரிதாக எடுபடாது. அதனால்தான் நல்ல அமைப்புள்ள மலிவு டயர், அமைப்பு சரியில்லாத விலை உயர்ந்த டயரைச் சேற்றில் சுலபமாக முந்திவிடும். ஆனால் இந்த மலையில் வெறும் சேறு மட்டுமா இருக்கிறது? சில்வர் ஓக் வேர், கற்பூர மரத்து வேர், பாசி பிடித்த கல் எல்லாம் குறுக்கே கிடக்கும். அவற்றில் பட்டன் குத்தி இறங்க வழியில்லை. ரப்பர்தான் அந்த மேடுபள்ளத்தில் படிந்து ஒட்டவேண்டும். ரப்பரின் கடினத்தை ஷோர் ஏ என்ற அளவில் சொல்வார்கள். மலிவு டயர்கள் பெரும்பாலும் 60க்கு மேல். மாக்சிஸ் கம்பெனி பந்தயத்துக்கென்று 42 வரை மென்மையாகச் செய்திருக்கிறது. ஈர வேரில் சாய்வாக ஏறும்போது இந்த வித்தியாசம் உடனே தெரியும். காலைக் குளிரில் ரப்பர் இன்னும் இறுகும், அதையும் கணக்கில் வை.

பின்சக்கரம் வழுக்கினால் சைக்கிள் பக்கவாட்டில் இழுக்கும், உடம்பை அசைத்துச் சமாளித்துவிடலாம். முன்சக்கரம் வழுக்கினால் சமாளிக்க நேரமே கிடைக்காது. பின் டயர் சீக்கிரம் தேயும் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், காசை எங்கே போடவேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

கடைக்குப் போனால் பெயரைப் பார்க்காமல் டயரைத் தொட்டுப் பார். நடுவில் பட்டன்கள் ஒன்றோடொன்று சேர்ந்து ஒரே பட்டையாக ஓடுகிற டயர் வேண்டாம். தார்ரோட்டில் சுகமாக ஓடட்டும் என்று செய்தது அது. சேற்றில் முதல் பத்து சுற்றிலேயே இடைவெளி அடைபட்டு வழவழவென்று ஆகிவிடும். பட்டன் 4 மில்லிமீட்டருக்குக் குறையாமல் உயரம் இருக்கட்டும். இரண்டு பட்டனுக்கு நடுவில் சுண்டுவிரல் நுனி டயரின் அடி ரப்பரைத் தொடவேண்டும். ஓரப் பட்டன்கள் தனித்தனியாக, அடிப்பாகம் அகலமாக நிற்கவேண்டும். அடி குறுகலாக இருந்தால் கல்லில் சிக்கி வேரோடு பிய்ந்துவிடும். பட்டனில் கட்டைவிரல் நகத்தை அழுத்து. தடம் விழுந்து மெதுவாக மறைந்தால் நல்லது, நகமே இறங்காவிட்டால் ரப்பர் ரொம்பக் கெட்டி. டயரின் பக்கச் சுவரை, அதாவது சைடு வாலை மடித்துப் பார், மயிரிழை வெடிப்பு தெரிந்தால் பழைய சரக்கு. ரிம்மில் உட்காரும் ஓரத்துக்குள் கம்பி வைத்த டயரை யாராவது மடித்துக் கட்டியிருந்தால் அந்தக் கம்பி ஒரு இடத்தில் நெளிந்திருக்கும். ரிம்மில் அந்த இடம் சரியாக உட்காராது.

அளவை உன் பழைய டயரின் சைடு வாலில் உள்ள எண்ணைப் பார்த்து வாங்கு. 54-559 என்றால் 26 அங்குலம், 54-584 என்றால் 27.5, 54-622 என்றால் 29. பின்சக்கரத்துக்கு 2.1 அகலத்துக்கு மேல் போகாதே. அகலம் கூடினால் பிடிப்பு கூடும் என்பது காய்ந்த பாதைக்குச் சரி. சேற்றில் ஒடுக்கமான டயர்தான் ஆழமாக இறங்கும், சைக்கிள் சட்டத்துக்கும் டயருக்கும் நடுவில் மண் வெளியேற இடமும் விடும். 6 மில்லிமீட்டர் ஆலன் கீயை எடுத்து, பெடலுக்குப் பின்னால் சட்டக் கம்பி இரண்டும் நெருங்குகிற இடத்தில் டயரின் இரண்டு பக்கமும் நுழைத்துப் பார். தாராளமாக நுழையாவிட்டால், இலையும் புல்லும் கலந்த சேறு அங்கே அப்பி, கொஞ்ச தூரத்தில் சக்கரமே சுற்றாது. எத்தனை ஆயிரம் கொடுத்து வாங்கிய டயரும் அப்போது உதவாது.

மலிவு டயருக்குக் கெட்ட பெயர் வருவதற்குப் பாதிக் காரணம் காற்று. சைடு வாலில் எழுதியிருக்கிற உச்ச அளவை அப்படியே அடித்துவிடுகிறார்கள். மலிவாகக் கிடைக்கிற கம்பி டயரில் ரப்பருக்குள் இருக்கும் துணியின் நூல் தடிமனாக இருக்கும், அங்குலத்துக்கு 27, 30 இழைதான். அது சுலபமாக வளைந்து கொடுக்காது. காற்றையும் இறுக்கினால் கல்லிலும் வேரிலும் துள்ளும். உன் எடை 70 கிலோ பக்கம் என்று வைத்துக்கொண்டால், டியூப் போட்ட 2.1 டயருக்கு முன்னால் 26, பின்னால் 29 பிஎஸ்ஐ காற்றழுத்தத்தில் தொடங்கு. சரிப்பட்டால் ஒவ்வொரு பிஎஸ்ஐயாகக் குறை. பெட்ரோல் பங்க் மீட்டரை நம்பாதே, இவ்வளவு குறைந்த காற்றில் அதன் கணக்கு தப்பும். குறைந்த காற்றுக்கென்று விற்கிற சின்ன மீட்டர் ஒன்று வாங்கிக்கொள்.

ரொம்பக் குறைத்தால் இரண்டு கோளாறு வரும். ரிம் கல்லில் மோதி, டியூபில் பாம்பு கடித்தாற்போல் இரண்டு ஓட்டை விழும். இன்னொன்று மெதுவாக வருவது: பிரேக் பிடிக்கும்போது டயர் ரிம்மின் மேல் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து டியூபையும் இழுக்கும். வால்வு சாய்ந்துகொண்டே போய் அடியில் கிழியும், அந்தக் கிழிசலுக்குப் பஞ்சர் ஒட்ட முடியாது. அதனால் வால்வு நட்டை இறுக்காமல் தளர்வாக விட்டு, இறங்கும் இடத்திலெல்லாம் ஒரு பார்வை பார். சாய்ந்திருந்தால் காற்றை முழுக்க இறக்கி, டயரை நகர்த்தி நேராக்கி, 3 பிஎஸ்ஐ கூட்டி அடி. கம்பி டயரை டியூப் இல்லாமல் ஓட்டலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதே. அதற்கென்று செய்யாத டயர் ரிம்மைவிட்டுக் கழன்றுவிடும்.

மாட்டும்போது டியூபில் லேசாக டால்கம் பவுடர் தடவி, உருவம் வருகிற அளவுக்கு மட்டும் காற்று விடு. வால்வுக்கு எதிர்ப்பக்கம் தொடங்கி வால்வில் முடி. கடைசி ஒரு சாண் ஏறாது. அப்போது டயர் லிவரைப் போட்டு நெம்பாமல், ஏற்கெனவே ஏறிய பக்கத்துக் கம்பியை இரண்டு கையாலும் ரிம்மின் நடுப்பள்ளத்துக்குள் தள்ளிக்கொண்டே வந்தால் தளர்ந்து கொடுக்கும். வால்வை ஒருமுறை உள்ளே அழுத்தி விட்டுவிட்டுக் காற்றடி. பட்டனின் ஒரு பக்கம் சரிவாகவும் மறுபக்கம் செங்குத்தாகவும் இருந்தால், பின்சக்கரத்தில் செங்குத்துப் பக்கம் மண்ணைப் பின்னால் தள்ளும்படி மாட்டு. அம்புக்குறி எதிர்த்திசையைக் காட்டினாலும் பரவாயில்லை.

முன்சக்கரத்துக்கு ஷ்வால்பே கம்பெனியின் மேஜிக் மேரி, மாக்சிஸின் ஷார்ட்டி இரண்டில் எது கிடைத்தாலும் வாங்கலாம், முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் போர்க்கில் இடம் இருக்கிறதா என்று மட்டும் முதலில் அளந்துகொள். ஒரே பெயரில் இரண்டு விலை இருக்கும், ஜாக்கிரதை. பட்டன் அமைப்பு ஒன்றேதான், மலிவானதில் ரப்பர் கெட்டி. ஷ்வால்பேயில் ஆரஞ்சுக் கோடு போட்டது மென்மை, ஊதாக் கோடு அதைவிட மென்மை. கெட்டி ரப்பரையே முன்னால் போடுவதானால் பெயருக்காகக் கூடுதல் காசு கொடுக்காதே.

பொள்ளாச்சிப் பக்கத்துக் கரிசலுக்கு இந்தக் கணக்கு எதுவும் செல்லாது. அந்தக் களி எந்த டயரையும் விடாது. மழை நின்று மண் உலரும்வரை ரோட்டிலேயே ஓட்டு.

கிளம்புவதற்கு முன் அந்த ஆலன் கீ அளவையும் டயர் எண்ணையும் எழுதிப் போடு. பழைய டயரைத் தூக்கி எறிந்துவிடாதே, மழைக்காலம் முடிந்ததும் ரோட்டுக்கு மாட்டிக்கொள்ளலாம். வீட்டில் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
ரவி