காட்டன் ஃப்ரில் ஸ்கிரீன் என்று விற்று பாலியஸ்டர் அனுப்பியது தொடர்பாகப் புகார்

பெறுநர்:
குறைதீர்ப்பு அலுவலர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

ஐயா / அம்மையீர்,

சென்ற மாதம் உங்கள் இணையக் கடையில் இரண்டு ஜன்னல் ஸ்கிரீன், ஒரு கதவு ஸ்கிரீன், நான்கு தலையணை உறை வாங்கினேன். மொத்தம் ரூ. 6,840. "பாட்டி வீட்டுச் சீட்டித் துணி, சுத்தமான காட்டன், அடர்த்தியான ஃப்ரில்" என்று போட்டிருந்தீர்கள். சீட்டி என்றால் பூப்போட்ட பருத்தித் துணி. நீங்கள் அனுப்பியது சீட்டியும் இல்லை, காட்டனும் இல்லை, ஃப்ரில்லும் பேருக்குத்தான் இருக்கிறது.

எதற்காக வாங்கினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் அம்மாவுக்கு 78 வயது. கும்பகோணத்து வீட்டை விற்றுவிட்டு இந்த வருடம்தான் என்னோடு வந்திருக்கிறார். அந்த வீட்டில் ஃப்ரில் வைக்காத பொருளே கிடையாது. டி.வி.க்கு ஓர் உறை, மிக்ஸிக்கு ஒன்று, ஃப்ரிட்ஜின் தலைமேல் ஒன்று. ஜன்னலின் கீழ்ப்பாதிக்கு ஸ்பிரிங் கம்பியில் கோத்த அரை ஸ்கிரீன். வெள்ளையில் சிவப்பு ரோஜா, நடுநடுவே பச்சை இலை. ஆடித் தள்ளுபடியில் கட் பீஸாக வாங்கி, எல்லாமே அம்மா கால் மெஷினில் தைத்தது. இப்போது கை நடுங்குவதால் மெஷினில் உட்கார முடிவதில்லை. ராத்திரியில் விழித்துக்கொண்டு "இது யார் வீடு?" என்று கேட்கிறார். கண் திறந்ததும் பழகிய பூக்கள் தெரியட்டும் என்றுதான் உங்கள் படத்தைப் பார்த்த அன்றே பணம் கட்டினேன்.

பார்சலைப் பிரித்ததும் அம்மாதான் முதலில் கண்டுபிடித்தார். துணியை விரலுக்கிடையே தேய்த்துப் பார்த்து, "இது காட்டன் இல்லடி" என்றார். ஓரத்திலிருந்து இரண்டு நூலை உருவித் தீக்குச்சியில் காட்டினேன். பருத்தி என்றால் காகிதம் போல எரிந்து சாம்பலாக உதிரும். இது உருகிச் சுருண்டு, கடுகளவு கெட்டி மணியாக நின்றது. வீடியோவை இத்துடன் இணைத்திருக்கிறேன்.

அடுத்தது ஃப்ரில். ஒன்றுக்கு இரண்டு என்பது அம்மாவின் கணக்கு. 48 அங்குல அகலத்துக்கு 96 அங்குலத் துணியாவது சுருக்கி வைத்தால்தான் ஃப்ரில் நிமிர்ந்து நிற்கும். உங்கள் கதவு ஸ்கிரீனின் அடித்தையலைப் பிரித்து அளந்தேன். 48 அங்குலத்துக்கு வெறும் 60 அங்குலம். அதனால் சுருக்கமே விழாமல் தொய்ந்து தொங்குகிறது. ஓரத்துக்கு ஓவர்லாக் போடவில்லை. ஒரு தலையணை உறையைத் துவைத்ததற்கே நூல் நூலாகப் பிரிந்துவிட்டது. ஜன்னல் ஜோடியில் ஒன்றில் ரோஜா நேராக இருக்கிறது, மற்றதில் தலைகீழாக இருக்கிறது. துணி மிச்சம் பிடிப்பதற்காகத் திருப்பி வெட்டியிருக்கிறீர்கள். பூப்போட்ட துணியை வெட்டுகிறவர் முதலில் பார்க்க வேண்டியதே பூ எந்தப் பக்கம் நிற்கிறது என்பதைத்தான்.

இதையெல்லாம்விட என்னை வருத்தியது "சோழமண்டலக் கரையின் சீட்டி மரபு" என்று நீங்கள் எழுதியிருந்த வரி. அந்த மரபு என்னவென்று தெரிந்துதான் எழுதினீர்களா? பருத்தித் துணியில் படிகாரத்தை ஏற்றி, சாயவேரின் சிவப்பை நூலுக்குள்ளேயே பிடிக்கவைத்த வேலை அது. துவைத்தாலும் சாயம் போகாது என்பதாலேயே ஐரோப்பாவில் அதற்கு அவ்வளவு கிராக்கி. தங்கள் நெசவாளர்கள் பிழைப்பு போகிறது என்று 1700இல் இங்கிலாந்து நாடாளுமன்றம் சட்டம் போட்டுத் தடுக்கும் அளவுக்குக் கிராக்கி. நீங்கள் அனுப்பியதில் பூ மேலாக மட்டும் ஒட்டியிருக்கிறது, பின்பக்கம் வெறும் வெள்ளை. பாலியஸ்டரை விற்க வேண்டுமென்றால் பாலியஸ்டர் என்று சொல்லி விற்கலாம், அதில் தப்பில்லை. அந்தக் கைவேலையின் பெயரை அதன்மேல் ஒட்டுவதுதான் தப்பு.

போனில் பேசியபோது, படத்துக்கும் பொருளுக்கும் கொஞ்சம் வித்தியாசம் இருக்கும் என்றார்கள். ஆஃபரில் வாங்கியதைத் திரும்ப எடுக்க மாட்டோம் என்றார்கள். அப்புறம் அடுத்த ஆர்டருக்கு 15 சதவீதத் தள்ளுபடிக் கூப்பன் அனுப்பினார்கள். கூப்பன் எனக்கு வேண்டாம். நிறம் ஒரு சாயல் மாறியிருந்தால் நான் இந்தக் கடிதத்தையே எழுதியிருக்க மாட்டேன். இங்கே துணியே வேறு.

விளம்பரத்தில் சொன்ன தன்மை பொருளில் இல்லாவிட்டால், திரும்ப எடுக்க மறுக்கக் கூடாது என்று 2020ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகள் சொல்கின்றன. புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும் என்பதும் அதே விதிகளில் இருக்கிறது. நான் மின்னஞ்சல் அனுப்பி 11 நாள் ஆகிறது. ஒரு வரி பதில் வரவில்லை.

எனவே ரூ. 6,840 முழுவதையும் திருப்பித் தர வேண்டும். துவைத்த உறைக்கும் சேர்த்துத்தான் கேட்கிறேன், ஏனென்றால் துவைத்ததால்தான் அதன் தரம் தெரிந்தது. பொருளை உங்கள் செலவில் கூரியர் வைத்து எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் பக்கத்தில் "சுத்தமான காட்டன்", "சீட்டி மரபு" என்ற சொற்களை நீக்கி, துணியின் உண்மையான பெயரையும், ஃப்ரில்லுக்கு எவ்வளவு துணி வைக்கிறீர்கள் என்பதையும் போடுங்கள். இந்த வார இறுதிக்குள் பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்வேன்.

பணம் வந்ததும் நல்ல பருத்தித் துணி வாங்கப் போகிறேன். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து அளவு சொல்வார், நான் தைப்பேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
திருச்சி.

இணைப்பு: ரசீது நகல், ஆர்டர் செய்த அன்று உங்கள் பக்கத்தை எடுத்த படம், ஸ்கிரீன்களின் ஆறு படங்கள், நூலை எரித்துப் பார்த்த வீடியோ.