அத்தைக்கு, கூழ் ஊற்றிய அன்று பேசிய பேச்சைப் பற்றி

அன்புள்ள அத்தை,

ஆடிக்கூழ் அன்று டர்பன் சாட்ஸ்வொர்த் கோயில் சமையல்கட்டில், அந்தரங்கப் படத்தை வைத்து ஒருவன் மிரட்டுகிற அந்தப் பெண்ணைப் பற்றி, "அந்தப் படத்தை அவள் எதுக்கு எடுத்து அனுப்பினா?" என்று எல்லார் காதிலும் விழும்படி கேட்டீர்கள். அண்டா தேய்த்துக்கொண்டிருந்த அவள் அம்மா தலை நிமிரவே இல்லை. ராத்திரி வீட்டுக்குப் போனதும் மகளிடம், "எல்லாத்தையும் அழிச்சிடு, வெளியே மூச்சு விடாதே" என்றார். அவளும் அழித்தாள். அவன் மிரட்டிய வாட்ஸ்அப் செய்திகள், பணம் கேட்ட குரல்பதிவு, எல்லாமே போயிற்று. பிறகு போலீசில் முதலில் கேட்டது அவற்றைத்தான். தோழி ஒருத்தியின் போனில் இரண்டு ஸ்கிரீன்ஷாட் மிஞ்சியிருந்ததால் புகார் எடுத்துக்கொண்டார்கள்.

பிள்ளைகளுக்கு எச்சரிக்கை சொல்லவே கூடாதா என்பீர்கள். சொல்லுங்கள், முன்கூட்டியே சொல்லுங்கள். நம் டர்பனில் ஜன்னலுக்குக் கம்பி போடாத வீடு ஏது? ஆனாலும் திருடன் புகுந்த வீட்டுக்கு நாம் டீயும் ரொட்டியும்தான் கொண்டுபோகிறோம், விசாரணை நடத்தப் போவதில்லை. இவளுக்கு மட்டும் ஏன் விசாரணை?

நம் தென்னாப்பிரிக்கச் சட்டமே இந்தக் கேள்வியைத் தள்ளிவிட்டது, அத்தை. 2022 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த திரைப்பட, வெளியீட்டுச் சட்டத் திருத்தம், படம் எடுக்கச் சம்மதித்திருந்தாலும் அதைப் பரப்பச் சம்மதித்ததாக ஆகாது என்கிறது. படத்தில் இருப்பது யாரென்று அடையாளம் தெரிந்தால், பரப்பியவருக்கு 4 ஆண்டு வரை சிறை, அல்லது 3 லட்சம் ராண்ட் வரை அபராதம், இரண்டும் சேர்ந்தும் வரலாம். 2021 டிசம்பரில் வந்த சைபர் குற்றச் சட்டத்தில் 3 ஆண்டு வரை. அதில் போலியாக உருவாக்கிய படமும் அடக்கம். படமே எடுக்காத பெண்ணின் முகத்தையும் ஒட்டிவிடுகிறார்களே, அவளுக்கு என்ன புத்தி சொல்வீர்கள்?

அந்தப் படம் உங்கள் குழுக்களிலும் சுற்றும். யாருக்கும் அனுப்பாதீர்கள். வேடிக்கைக்காக அனுப்புகிறவரும் சைபர் குற்றச் சட்டத்தில் மாட்டலாம். எந்த எண்ணிலிருந்து, எத்தனை மணிக்கு வந்தது என்று குறித்து என்னிடம் கொடுங்கள், வழக்குக்கு உதவும்.

சம்மதமில்லாமல் அந்தரங்கப் படங்கள் பரவுவதைத் தடுக்க உதவும் ஸ்டாப்என்சிஐஐ (StopNCII) இணையதளத்தில் அவள் இப்போது பதிந்திருக்கிறாள். படம் அவள் போனை விட்டு வெளியே போகாது. அந்தப் படத்தை அடையாளம் காட்டும் ஒரு எண் குறியீடு, அதாவது அதன் கைரேகை மாதிரி, அது மட்டும் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் போன்றவற்றுக்குப் போகும், அதை வைத்து அவர்கள் தடுப்பார்கள். அவன் அவளை நெருங்காதபடி மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் பாதுகாப்பு ஆணையும் கேட்கப் போகிறாள். துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் 2013 முதல் இருக்கிறது, வக்கீல் இல்லாமலே விண்ணப்பிக்கலாம்.

புதன்கிழமை காலை போகிறோம். அவள் அம்மாவுக்குத் தனியாக வரப் பயம். முப்பது வருஷமாக அவருக்குத் துணை நீங்கள்தான். ஏழரைக்கு அவர்கள் வீட்டு வாசலுக்கு வந்துவிடுங்கள் அத்தை.

அன்புடன்,
உங்கள் மருமகள்