கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு கிழவன்

பலேர்மோ,
ஞாயிறு இரவு

அன்புள்ள தம்பி,

போன சனிக்கிழமை நீ கதைத்துக்கொண்டிருக்கும்போதே போனை வைத்துவிட்டேன். கோபம்தான். பிறகு யோசித்தால் நீ சொன்னதில் பாதி சரி. அது சரியென்று தெரிந்ததுதான் கோபத்தைக் கூட்டியது. வாயால் சொன்னால் திரும்பவும் சண்டையில் முடியும், அதனால் எழுதுகிறேன். நான் பராமரிக்கிற நொன்னோ, இந்த வீட்டுத் தாத்தா, இப்போதுதான் நித்திரையானார். இரண்டு மணிக்கு ஒருக்கால் அவரைத் திருப்பிப் படுக்கவைக்க வேண்டும். அதுவரை நேரமிருக்கிறது.

சிசிலி மாஃபியாத் தலைவன் புரோவென்சானோவைப் பற்றி ஏதோ நிகழ்ச்சி பார்த்துவிட்டு, "புரோவென்சானோவைக் கடைசிவரை மறியலில் அப்படி வைத்திருந்தது அநியாயம் அம்மா, ஐரோப்பிய நீதிமன்றமே சொல்லிவிட்டது" என்றாய். நான், "உனக்கென்ன தெரியும், அந்தக் குண்டுகள் வெடித்தபோது நீ பிறக்கவுமில்லை" என்றேன். அது பதிலில்லை, தெரியும்.

உன் வேலைத்தலத்துப் பெடியள் உன்னை, சினிமா மாஃபியாத் தலைவனைப் போல, "தொன்" என்று கூப்பிடுகிறார்கள் என்றாயே, அவர்களுக்கும் சொல்லு. பேர்னார்தோ புரோவென்சானோவிடம் கோட்டும் சுருட்டும் கிடையாது. 1933இல் சிசிலியில் கொர்லெயோனே என்ற ஊரில் ஒரு ஏழைக் கமக்காரக் குடும்பத்தில் பிறந்தவன். பள்ளிக்கூடத்தைச் சின்ன வகுப்பிலேயே விட்டவன். (வயதுக்கு மூத்தவர்களை அவன் இவன் என்னக்கூடாது என்று உனக்கு அடித்துச் சொல்லித்தந்தது நான்தான். இந்த இடத்தில் விட்டுவிடு.)

அவன் பதினைந்து வயதுப் பெடியனாக இருந்தபோது அந்த ஊரில் பிளாசிதோ ரிசோத்தோ என்று ஒருவர் இருந்தார். நிலமில்லாதவர்களைச் சேர்த்துப் பெரிய தோட்டக்காரர்களின் தரிசு நிலத்தைக் கேட்ட தொழிற்சங்கக்காரர். 1948 மார்ச் 10ஆம் திகதி இரவு அவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். கொன்று, மலையில் ஒரு பிளவுக்குள் போட்டார்கள். அதைப் பார்த்துவிட்ட ஆடு மேய்க்கும் சிறுவன் ஒருவன் காய்ச்சலில் பிதற்றினான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள், அங்கேயே செத்தான். அந்த ஆஸ்பத்திரியின் பெரிய டொக்டர் மிக்கேலே நவார்ரா, ஊர் மாஃபியாவின் தலைவர். ரிசோத்தோவைக் கொன்ற கூட்டத்தின் ஆள் லுச்சியானோ லெஜ்ஜோ. புரோவென்சானோவும் தோத்தோ ரீனாவும் தொழில் பழகியது இந்த லெஜ்ஜோவிடம். 1958இல் லெஜ்ஜோ அந்த டொக்டரையும் சுட்டுத் தள்ளி ஊரைக் கையில் எடுத்தான். ஒரே ஊர், ஒரே சந்தை, ஒரே கோயில். எல்லாருக்கும் எல்லாம் தெரியும், ஒருவரும் வாய் திறக்கவில்லை.

1963 செப்டம்பரில் ஒரு கொலை வழக்கில் பொலிஸ் தேடத் தொடங்கியது. ஆள் மறைந்தான். 1969 டிசம்பரில் வியாலே லாசியோவில், அந்த வீதி உனக்கு நல்லாய்த் தெரியும், பொலிஸ் உடுப்புப் போட்டுக்கொண்டு ஒரு கட்டட அலுவலகத்துக்குள் போய்ச் சுட்டார்கள். துவக்கு இறுகிப் போனதும் அதன் பிடியாலேயே அடித்தவன் இவன். "உழவு இயந்திரம்" என்ற பட்டப்பெயர் சும்மா வரவில்லை.

சரி, இதெல்லாம் நானும் பேப்பரிலும் ரீவியிலும் அறிந்ததுதான். இனிச் சொல்லப்போவதுக்கு ஒருவரும் தேவையில்லை.

நானும் அப்பாவும் 1990இல் இங்கே வந்தோம். ஊரில் பொம்பருக்குப் பயந்து பங்கருக்குள் கிடந்துவிட்டு வந்தவர்கள். 1992இல் நான் வியா நொத்தர்பார்த்தோலோவுக்குக் கிட்ட ஒரு வீட்டில் வேலை. அதே வீதியில்தான் நீதிபதி ஜொவான்னி ஃபல்கோனேயின் வீடு. மே 23, சனிக்கிழமை பின்னேரம். விமான நிலையத்திலிருந்து அவர் கார் ஓட்டிவந்த நெடுஞ்சாலையை மாஃபியாக்காரர் கப்பாச்சி என்ற இடத்தில் குண்டு வைத்து அப்படியே தூக்கியெறிந்தார்கள். அவரும், மனைவி பிரான்செஸ்காவும், காவலுக்கு வந்த மூன்று பொலிஸ்காரரும் போய்விட்டார்கள்.

அந்த மூன்று பேரில் ஒருவர் வித்தோ ஸ்கிஃபானி, 27 வயது. அவர் மனைவி ரொசாரியாவுக்கு 22. சான் தொமேனிகோ கோயிலில் அடக்கப் பூசையில் அந்தப் பிள்ளை மைக்குக்கு முன்னால் வந்தாள். எழுதிக் கொடுத்ததை வாசித்தாள், இடையில் கடதாசியை விட்டு அழுதாள். மாஃபியாக்காரரைப் பார்த்து, உங்களை மன்னிக்கிறேன், ஆனால் நீங்கள் முழங்காலில் நிற்கவேண்டும் என்றாள். வீட்டில் நாலு மாதக் கைக்குழந்தை. எனக்கு அப்போது இத்தாலியன் அரைகுறை. அந்த வசனம் மட்டும் முழுசாக விளங்கியது.

சரியாக 57 நாள் கழித்து, ஜூலை 19, ஞாயிற்றுக்கிழமை. யன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அப்பா எழும்பி ஓடிவந்து என்னை மேசைக்குக் கீழே இழுத்தார். பழக்க தோஷம். வியா தமேலியோவில் தாயைப் பார்க்க வந்த நீதிபதி பாவுலோ பொர்செல்லீனோவும் ஐந்து காவலரும் குண்டில் போய்விட்டார்கள். அதில் ஒருத்தி எமனுவேலா லோய், 24 வயதுப் பொம்பிளைப்பிள்ளை. எங்கே ஓடிவந்திருக்கிறோம் என்று அன்றிரவு அப்பா கேட்டது இன்னும் காதில் இருக்கிறது.

அந்த நாட்களில் சனம் வீட்டு பல்கனிகளில் வெள்ளைப் படுக்கைச் சீலைகளைத் தொங்கவிட்டார்கள், இனிப் பயமில்லை என்று காட்ட. நான் வேலை செய்த வீட்டுச் சிஞ்ஞோராவும் ஒன்று கட்டினா. அதை இஸ்திரி போட்டுக் கொடுத்தது நான். இந்த ஊர் மாறும் என்று எனக்கு நம்பிக்கை வந்தது அந்தச் சீலையைக் கட்டும்போதுதான்.

அடுத்த ஜனவரியில், தலைவனாக இருந்த ரீனா பிடிபட்டான். பொறுப்பு புரோவென்சானோவுக்கு வந்தது. இவனுடைய கெட்டித்தனம் என்னவென்றால், கொஞ்சக் காலத்தில் குண்டுச் சத்தத்தை நிறுத்திவிட்டான். கட்டட ஒப்பந்தம், கப்பம், வேலை வாங்கிக்கொடுப்பது எல்லாம் சத்தமில்லாமல் நடந்தன. போன் இல்லை. எல்லாம் சின்னக் கடதாசித் துண்டில் தட்டச்சு. "பிச்சீனி" என்பார்கள். மடித்து, டேப் ஒட்டி, கைக்குக் கை மாறிப் போகும். எழுத்துப்பிழை மலிந்து கிடக்கும். கடைசியில் ஆண்டவர் உங்களை ஆசீர்வதித்துக் காப்பாராக என்று வேறு. பெயர்களை எண்ணில் எழுதினான். எங்கள் எழுத்தில் சொன்னால் அ-வுக்கு 4, ஆ-வுக்கு 5, இ-க்கு 6, அவ்வளவுதான். நீயும் அக்காவும் எனக்குத் தெரியாமல் எழுதிக்கொண்ட பாஷை இதைவிடக் கஷ்டம்.

பொலிசிடம் இருந்ததோ 1959இல் எடுத்த ஒரு பழைய படம். ஆள் 2003இல் மார்செய் பக்கம் போய், பொய்ப் பெயரில் புரொஸ்டேட் சத்திரசிகிச்சையும் செய்துகொண்டு வந்தான். அந்தச் செலவைக் கொடுத்தது சிசிலியின் அரசாங்க வைத்தியம். நான் உன் பல்லுக்கு வரிசையில் நின்றது ஞாபகமிருக்கிறதா?

அகப்பட்டது உடுப்பால். கொர்லெயோனேயில் மனைவி வீட்டிலிருந்து தோய்த்து மடித்த உடுப்புப் பொட்டலம் வெளிக்கிடும். ஒருவர் இன்னொருவரிடம் கொடுப்பார், அவர் மற்றவரிடம். பொலிஸ் அதன் பின்னாலேயே போய், ஊருக்கு வெளியே மொந்தாஞ்ஞா தெய் கவால்லி என்ற இடத்தில் ஒரு இடையன் கொட்டிலைத் தூரத்திலிருந்து கமராவில் பார்த்துக்கொண்டிருந்தது. ஒருநாள் கதவிடுக்கால் ஒரு கை வெளியே வந்து சாமானை வாங்கியது. அந்தக் கைதான். 2006 ஏப்ரல் 11, தேர்தலுக்கு மறுநாள். 43 வருடம் தேடிய மனிதன் சொந்த ஊரைவிட்டு ஒரு நடை தூரத்தில், தட்டச்சு இயந்திரங்கள், கடதாசித் துண்டுகள், கோடு கீறிய பைபிள் எல்லாவற்றோடும் இருந்தான். உனக்குப் பதின்மூன்று வயது. ரீவிக்கு முன்னால் நின்று, "இந்தக் கிழவனா அம்மா?" என்று ஏமாந்துபோய்க் கேட்டாய்.

இனி நீ சொன்ன பாதிக்கு வருகிறேன்.

பிடித்த பிறகு அவனைத் தேர்னி, நொவாரா, பார்மா என்று மறியல் மாற்றினார்கள். எல்லா இடத்திலும் "நாற்பத்தொன்று பிஸ்". கப்பாச்சிக்குப் பிறகு மாஃபியாக்காரருக்கு வந்த சட்டம் அது. மாதத்தில் ஒரு மணித்தியாலம், தடித்த கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து சொந்தக்காரர் கதைக்கலாம். கடிதம் எல்லாம் வாசித்துத்தான் விடுவார்கள். கொடுமைதான். ஆனால் மறியலுக்குள் இருந்தே ஆளைக் கொல்லச் சொல்லி அனுப்பியவர்கள் இவர்கள். கடதாசித் துண்டால் ஒரு தீவை ஆண்டவனிடமிருந்து கடதாசியைப் பறித்தது சரி. அதில் நான் அசையமாட்டேன்.

2012 மே மாதம் ஒரு இரவு, பார்மாவில் பிளாஸ்டிக் பையைத் தலையில் மாட்டிக்கொண்டார். காவலர் கண்டு கழற்றினார். டிசம்பரில் விழுந்து தலைக்குள் இரத்தம் கட்டிச் சத்திரசிகிச்சை. அடுத்த வருடம் அந்தக் கண்ணாடிச் சந்திப்பின் வீடியோவை ரீவியில் போட்டார்கள். மனைவியும் மகனும் அந்தப் பக்கம். இந்தப் பக்கம் ரெலிபோனை எப்படிப் பிடிப்பதென்று தெரியாமல் தடுமாறுகிற ஒரு மனிதர். தம்பி, நான் இருபது வருடத்துக்கு மேல் பதாந்தே வேலை, வயோதிபரைப் பராமரிக்கிற வேலை, செய்கிறேன். பார்க்கின்சன் கையை எனக்குத் தெரியும். பிள்ளையைப் பார்த்தும் யாரென்று தேடுகிற கண்ணையும் தெரியும். நடிப்பில்லை அது. (அவர் என்று எழுதிவிட்டேன், பார்த்தாயா. வெட்டவில்லை, கிடக்கட்டும்.)

அரசு செய்ததில் எனக்கு விளங்காத இடம் ஒன்றுதான். வழக்கில் நிற்க இவருக்குப் புத்தி தெளிவில்லை என்று நீதிமன்றம் 2013இல் ஒரு பெரிய வழக்கிலிருந்து இவரைப் பிரித்து வைத்தது. ஆனால் 2016 மார்ச்சில், மிலான் ஆஸ்பத்திரியில் கட்டிலோடு கிடந்தவரை இன்னும் ஆபத்தானவர் என்று சொல்லி அதே சட்டத்தைப் புதுப்பித்தார்கள். அந்த ஜூலை 13ஆம் திகதி, இங்கே சாந்தா ரொசலீயா திருவிழாவுக்கு முதல் நாள், செத்துப்போனார். 2018 ஒக்டோபரில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் சொன்னதை நீ முழுசாக வாசி. மறியலில் வைத்திருந்ததும், வைத்தியம் பார்த்த விதமும் பிழையில்லை என்றுதான் சொன்னது. அந்தக் கடைசிப் புதுப்பிப்பைத்தான் மனிதத்தன்மையில்லாதது என்றது. அவரது மனநிலையை ஒழுங்காக யோசிக்காமல் செய்ததற்காக. அந்த அளவுக்கு நானும் நீதிமன்றத்தோடுதான். ஒரு மறதிக்காரக் கிழவனுக்குக் கண்ணாடி எதற்கு?

எனக்குக் கோபம் வந்தது, நீ "பாவம் அந்த மனுசன்" என்று தொடங்கி, ஸ்கிஃபானி யார் என்று என்னையே திருப்பிக் கேட்டபோதுதான். அந்த நாலு மாதக் குழந்தை உன்னைவிட ஒரு வயதுதான் மூப்பு.

ரிசோத்தோவின் எலும்புகளை 2009இல் றொக்கா பூசாம்ப்ரா மலையில் எடுத்தார்கள். 2012இல் டி.என்.ஏ. பார்த்து அவர்தான் என்று உறுதி செய்து, 64 வருடம் கழித்துக் கொர்லெயோனேயில் அரச மரியாதையோடு அடக்கம் செய்தார்கள். நாலு வருடத்தில் புரோவென்சானோவும் அதே ஊருக்கு வந்தார், சாம்பலாக. பொது இறுதிச்சடங்குக்கு அனுமதி கொடுக்கவில்லை. வீட்டுக்காரர் மட்டும் கொண்டுபோய் வைத்தார்கள்.

நொன்னோ முனகுகிறார். இரண்டாகப் போகிறது, எழும்ப வேண்டும்.

நீ விட்டுவிட்டுப் போன நீலச் சட்டையையும் இரண்டு ஸ்வெட்டரையும் தோய்த்து மடித்து வைத்திருக்கிறேன். வருகிற புதன்கிழமை மேல்வீட்டு அன்ரியின் தம்பி லண்டன் போகிறார், அவரிடம் கொடுப்பேன். அவர் ஹரோவில் ஒருவரிடம் கொடுப்பார், அங்கிருந்து பேர்மிங்ஹாமுக்கு வரும். நடுவில் ஒரு போத்தல் மிளகாய்த்தூள் சுற்றியிருக்கிறது, கவனமாகப் பிரி. கிடைத்ததும் போன் எடு. வைக்கமாட்டேன்.

அம்மா