நான்கு டிஸ்க், நான்கு அளவு: பாலுவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பாலு,

கடிதம் கிடைத்தது. மகளுக்கு ஊரிலேயே வேலை கிடைத்ததில் எங்கள் எல்லாருக்கும் சந்தோஷம். இங்கே அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இப்போது டிவிக்குக் கிட்டப் போகாமலே சீரியல் பார்க்கிறார்கள்.

சரி, வீட்டுப் படங்களையும் கடைக் கணக்கையும் வைக்கும் சர்வரில் டிஸ்குகளை எப்படி இணைப்பது என்று கேட்டிருந்தாயே, அந்த விஷயத்துக்கு வருகிறேன். கையில் இருப்பவை 8, 4, 4, 2 டெராபைட் (டி.பி.) டிஸ்குகள் என்று எழுதியிருந்தாய். மொத்தம் 18. ஒரு டிஸ்க் போனாலும் எதுவும் போகக்கூடாது என்பது உன் தேவை.

பல டிஸ்குகளை ஒன்றாக இணைத்து, ஒன்று போனாலும் தரவைக் காப்பாற்றும் முறைகளுக்கு ரெய்டு என்று பெயர். அதில் ரெய்டு 5 உனக்கு ஒத்துவராது. அது எல்லா டிஸ்கையும் மிகச் சிறியதன் அளவாகவே எடுத்துக்கொள்ளும். 2 டி.பி. வீதம் நான்கு, அதில் ஒன்றின் இடம் பாரிட்டிக்கு, அதாவது போன டிஸ்கைத் திரும்பக் கணக்கிட உதவும் தகவலுக்குப் போனால், மிச்சம் 6 தான். டிஸ்கில் ஃபைல்களை ஒழுங்கு செய்து வைக்கும் ஃபைல் சிஸ்டங்களில் இசட்.எஃப்.எஸ். எனக்கு மிகவும் பிடித்தது, ஆனால் அதில் இந்த டிஸ்குகளை ஒன்றுக்கு ஒன்று பிரதியாக ஜோடி சேர்த்தாலும் அதே 6 தான் வருகிறது.

நான் சொல்வது பி.டி.ஆர்.எஃப்.எஸ். என்ற இன்னொரு ஃபைல் சிஸ்டத்தின் ரெய்டு 1. பெயர் ரெய்டு 1 என்றாலும் ஒரு டிஸ்கை முழுசாக அப்படியே இன்னொரு டிஸ்கில் நகல் எடுப்பதில்லை. தரவை ஏறக்குறைய 1 ஜி.பி. துண்டுகளாகப் பிரித்து, எந்த இரண்டு டிஸ்கில் காலியிடம் அதிகமோ அவற்றில் ஒவ்வொரு பிரதி வைக்கும். பெரிய டிஸ்க் மற்றவற்றின் கூட்டுத்தொகையைத் தாண்டாதவரை மொத்தத்தில் சரிபாதி கிடைக்கும். உன் 8, மற்ற மூன்றின் 10-க்குள் அடங்கிவிடுகிறது. ஆக 9 டி.பி. முழுசாக உனக்கு.

பாரிட்டியை அவ்வப்போது கணக்கிட்டு வைக்கும் ஸ்னாப்ரெய்டும், பல டிஸ்குகளை ஒரே ஃபோல்டராகக் காட்டும் மெர்ஜர்எஃப்எஸ்ஸும் சேர்த்துப் போட்டால் 8 டி.பி. டிஸ்க் பாரிட்டிக்குப் போய், 10 மிஞ்சும். ஒவ்வொரு டிஸ்கையும் தனியாகக் கழற்றிப் படிக்கலாம், இரண்டு டிஸ்க் போனாலும் மற்றதில் உள்ளது பிழைக்கும். அது பெரிய நன்மைதான். ஆனால் கடைசியாக சிங்க் செய்த (பாரிட்டியைப் புதுப்பித்த) பிறகு வந்த ஃபைல்களுக்குப் பாதுகாப்பு இல்லை. உன் வீட்டில் தினமும் எல்லார் போனிலிருந்தும் படங்கள் ஏறுகின்றன, கடைக் கணக்கும் அதில்தான். ஒரே ஒரு டி.பி. கூடுதல் இடத்துக்காக அந்த இடைவெளியை விட எனக்கு மனமில்லை. சினிமா மட்டும் சேர்த்து வைப்பவனாக இருந்தால் ஸ்னாப்ரெய்டு என்றுதான் சொல்லியிருப்பேன்.

பி.டி.ஆர்.எஃப்.எஸ்.ஸைச் சொல்ல இன்னொரு காரணம் செக்சம், அதாவது தரவு மாறாமல் இருக்கிறதா என்று சரிபார்க்கும் எண். ஒரு பிரதி சத்தமில்லாமல் கெட்டுப்போனால், படிக்கும்போதே கண்டுபிடித்து நல்ல பிரதியிலிருந்து சரிசெய்துவிடும். யாரும் பல வருஷம் திறந்தே பார்க்காத பழைய கல்யாணப் படங்களுக்கு இது ரொம்ப முக்கியம். மாதம் ஒருமுறை எல்லாத் தரவையும் படித்துச் சரிபார்க்கும் ஸ்க்ரப்பை ஓட வை. அதே பி.டி.ஆர்.எஃப்.எஸ்.ஸில் ரெய்டு 5-ம் உண்டு, அதன் பக்கம் மட்டும் போகாதே. எழுதும் நேரத்தில் கரண்ட் போனால் பாரிட்டி தரவோடு பொருந்தாமல் போகலாம். எப்படியிருந்தாலும் ஒரு யூ.பி.எஸ். வாங்கிவிடு.

ஒரு டிஸ்க் செத்துப்போன பிறகு ரீபூட் செய்தால் தானாக மவுன்ட் ஆகாது, அதாவது ஃபைல்கள் கண்ணில் படாது. பயப்படாதே, ஒரு டிஸ்க் குறைவாகவே ஏற்றச் சொல்லும் டிகிரேடட் ஆப்ஷன் கொடுத்து ஏற்றி, புது டிஸ்கைப் போட்டு ரீப்ளேஸ் கட்டளை கொடுத்தால் போதும். ஆனால் ஒரே நேரத்தில் இரண்டு போனால் காப்பாற்ற முடியாது. தெரியாமல் அழித்த ஃபைலும் இரண்டு பிரதியிலிருந்தும் போய்விடும். அதனால் படங்களையும் கணக்கையும் ஒரு வெளி டிஸ்கில் எடுத்து உன் தம்பி வீட்டில் வைத்தே ஆகவேண்டும். இதில் மட்டும் நான் பிடிவாதக்காரன்.

அப்புறம், வேலையைத் தொடங்குமுன் அந்த 4 டி.பி. டிஸ்குகளின் மாடல் எண்ணைப் பார். 2020-ல் வெஸ்டர்ன் டிஜிட்டல் ரெட் வரிசையில் 2 முதல் 6 டி.பி. வரையான சில மாடல்கள் எஸ்.எம்.ஆர். வகை (தடங்களை ஒன்றன்மேல் ஒன்று படியும்படி எழுதுபவை) என்று தெரியவந்து பெரிய சச்சரவானது. அந்த வகையில் தொடர்ந்து எழுதினால் வேகம் படுத்துவிடும், டிஸ்க் மாற்றும் வேலை நாள்கணக்கில் இழுக்கும். எண்ணை எனக்கு எழுதி அனுப்பு, பார்த்துச் சொல்கிறேன்.

வீட்டில் எல்லாரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
செந்தில்