அந்த மாலிப்டினத் தகட்டைப் பற்றியும் எழுதுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். துகள் முடுக்கிகள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். ஜெனீவா அருகே 27 கிலோமீட்டர் சுற்றளவுள்ள இயந்திரம், ஹிக்ஸ் போசான் எல்லாம் அருமையாக விளக்கப்பட்டிருந்தன. ஆனால் துகள்களை வட்டமாகச் சுற்றவிட்டு வேகமூட்டும் 1930களின் முடுக்கியான சைக்ளோட்ரானுக்கு ஒரே ஒரு வரிதான். பள்ளியில் வேதியியல் நடத்தி ஓய்வுபெற்ற எனக்கு அது மனதை உறுத்துகிறது.

அமெரிக்காவின் பெர்க்லியில் இயற்பியலாளர் எர்னஸ்ட் லாரன்ஸும் அவருடைய மாணவர் லிவிங்ஸ்டனும் 1931இல் ஓடவிட்ட சைக்ளோட்ரான் உள்ளங்கை அளவுதான். ஊஞ்சலை ஒவ்வொரு வீச்சிலும் தள்ளிவிடுவது போல, காந்தப்புலத்தில் சுற்றும் துகளை ஒவ்வொரு சுற்றிலும் தள்ளிவிட்டார்கள். 2,000 வோல்ட்டுக்கும் குறைவான மின்னழுத்தத்தை வைத்தே 80,000 எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றல் கிடைத்துவிட்டது. இயற்பியலுக்கு அது பெரிய வெற்றி. ஆனால் அடுத்து வந்த பெரிய சைக்ளோட்ரானின் கழிவுத் துண்டுகூட வேதியியலுக்குப் புதையலானது.

தனிம அட்டவணையில் 43ஆம் கட்டம் அப்போது காலியாகவே கிடந்தது. பெர்க்லி சைக்ளோட்ரானுக்குள் பல மாதம் துகள்களின் அடி வாங்கிய மாலிப்டினம் என்ற உலோகத்தின் தகடு ஒன்றை, 1937இல் லாரன்ஸ் இத்தாலியின் பலேர்மோவில் இருந்த இயற்பியலாளர் செக்ரேவுக்குத் தபாலில் அனுப்பினார். செக்ரேயும் கனிமவியலாளர் பெரியேவும் அதைக் கரைத்துப் பிரித்துப் பார்த்தார்கள். அதில் இருந்தது டெக்னீசியம், மனிதன் செயற்கையாக உண்டாக்கிய முதல் தனிமம். மறுவருடம் செக்ரேயும் வேதியியலாளர் சீபோர்க்கும் கண்ட அதன் ஒரு வடிவத்துக்கு அரை ஆயுள், அதாவது பாதியாகக் குறைய ஆகும் நேரம், 6 மணி. எலும்பு ஸ்கேன், இதய ஸ்கேன் என்று இன்று மருத்துவமனைகளில் ஊசியாகப் போடுவது அதைத்தான்.

அயோடின் கதை எனக்கு இன்னும் நெருக்கமானது. தைராய்டு ஆய்வுக்குத் தன்னிடம் இருந்த கதிரியக்க அயோடின் 25 நிமிடத்திலேயே பாதியாகிவிடுகிறது என்று மருத்துவர் ஹாமில்டன் சீபோர்க்கிடம் குறைப்பட்டார். எவ்வளவு நேரம் வேண்டும் என்று சீபோர்க் கேட்க, ஒரு வாரம் இருந்தால் நல்லது என்றாராம். 1938இல் பெர்க்லி சைக்ளோட்ரானைக் கொண்டு லிவிங்குட்டும் சீபோர்க்கும் கண்டறிந்த அயோடின்-131க்கு அரை ஆயுள் 8 நாள்! பின்னாளில் சீபோர்க்கின் தாயாருக்கே அது சிகிச்சையானது. என் மனைவியும் அதே அயோடினை விழுங்கிவிட்டுத் தனியறையில் இருந்தபோது, இந்தக் கதையைத்தான் போனில் அவளுக்குச் சொன்னேன்.

அப்புறம் கார்பன்-14. 1940 பிப்ரவரியில் பெர்க்லியில் கேமன், ரூபன் என்ற இரு விஞ்ஞானிகள் கிராஃபைட்டைச் சைக்ளோட்ரான் துகள்களால் தாக்கி அதைக் கண்டார்கள். கீழடிக் கரி மாதிரிகளின் வயதைச் சொன்னதும் அந்தக் கார்பன்தான். அணுகுண்டுக்குப் பயன்பட்ட புளூட்டோனியமும் பெர்க்லியில்தான் பிறந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் குண்டைப் பற்றித் தெரிந்த மாணவர்களுக்கு மருந்தைப் பற்றித் தெரியவில்லை.

அடுத்து ஒரு இதழில் இதற்கு இரண்டு பக்கமாவது ஒதுக்குங்கள். புற்றுநோயைக் கண்டறிய உதவும் பெட் ஸ்கேனுக்கான ஃப்ளோரின்-18 இன்றும் சைக்ளோட்ரானில்தான் தயாராகிறது. அரை ஆயுள் 110 நிமிடமே என்பதால் தயாரான கையோடு மருத்துவமனைக்கு ஓட வேண்டும். அங்கிருந்தே கட்டுரையைத் தொடங்கலாம்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர்,
தஞ்சாவூர்