கேசட் தீர்ந்த இடம்

அன்புள்ள கீதா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. சோம்பலால் பதில் எழுதாமல் இருக்கவில்லை. நீ கடைசியில் எழுதியிருந்த ஒரு வரிதான் என்னை நிறுத்தி வைத்துவிட்டது. 2015-க்கு அப்புறம் நம் ரஷ்ய ஓபரா பாடகர் திமா பாடிய எதையும் கேட்க மாட்டேன், எனக்கு அவர் கார்டிஃப் பாட்டுப் போட்டி மேடையில் நின்ற அந்த இருபத்தாறு வயசுப் பையனாகவே இருக்கட்டும் என்று எழுதியிருந்தாய். அதைப் படித்ததிலிருந்து மனசுக்குள் உன்னோடு பேசிக்கொண்டே இருக்கிறேன். இன்று நவம்பர் 22, இன்றைக்காவது எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்துவிட்டேன்.

முதலில் வீட்டுச் செய்தி. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, இப்போது பேப்பரைக் கண்ணாடி இல்லாமலே படிக்கிறாள். நான் போன வாரம் பழைய பீரோவை ஒழித்தேன். அடித்தட்டில் என்ன கிடைத்தது தெரியுமா? நீ எனக்குப் பதிவு செய்து கொடுத்த கேசட்! அட்டையில் உன் கையெழுத்தில் திமித்ரி ஹ்வொரொஸ்டோவ்ஸ்கி என்று எழுதி, நடுவில் ஒரு எழுத்தை அடித்துத் திருத்தியிருக்கிறாய். அந்தப் பெயரை வாயில் நுழைய வைக்கவே நமக்கு ஒரு மாதம் ஆனது, அப்புறம்தான் ரஷ்யர்கள் செல்லமாக திமா என்று கூப்பிடுவார்கள் என்று தெரிந்து நாமும் அப்படியே கூப்பிட ஆரம்பித்தோம்.

அந்த கேசட்டில் வெர்டியின் டான் கார்லோ ஓபரா, அந்த இசை நாடகம், எங்கே நிற்கும் என்று ஞாபகம் இருக்கிறதா? சிறையில் ரோட்ரிகோவைச் சுட்டுவிடுகிறார்கள், அவன் நண்பன் கார்லோவின் கையைப் பிடித்துக்கொண்டு நான் சந்தோஷமாகவே சாகிறேன் என்று பாட ஆரம்பிக்கிறான், அந்த நீண்ட வரி மேலே ஏறும்போது டக் என்று டேப் தீர்ந்துவிடும். முழுசாகக் கேட்க நமக்கு இரண்டு வருஷம் ஆனது. அதுவரைக்கும் நம் ரோட்ரிகோ சாகவே இல்லை. 1989-ல் கார்டிஃப் போட்டியில் வேல்ஸ் பாடகர் பிரின் டெர்ஃபெலைத் தாண்டி ஜெயித்தபோதும் அவர் இதைத்தான் பாடினார் என்று அப்புறம் வீடியோவில் பார்த்தோம். அப்போது எனக்குப் பெரிதாகத் தெரிந்தது அந்த மூச்சுதான். இவரைப் போல நடுத்தர ஆண்குரலில் பாடும் மற்ற பாரிடோன்கள் இரண்டாக வெட்டும் வரியை இவர் ஒரே இழுப்பில் கொண்டுபோவார், கார்வை நிற்கும், கலங்காது, அடுத்த வரிக்கு முன் மூக்கால் சர்ரென்று காற்றை இழுக்கும் சத்தம் கேட்கும். அந்தச் சத்தத்தைக் குறையாகச் சொன்ன விமர்சகர்கள் உண்டு. எனக்கு அது இல்லாமல் அவர் பாட்டே இல்லை.

சரி, 2015-க்கு வருகிறேன். ஜூனில் மூளையில் கட்டி என்று அறிவித்தார். செப்டம்பர் 25-ஆம் தேதி நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் ஓபரா, அதாவது மெட் மேடையில் இல் ட்ரவடோரே என்ற வெர்டி ஓபராவைப் பாட வந்து நின்றார். மூன்றே காட்சி, அதில் கடைசியை அக்டோபர் 3 அன்று தியேட்டரில் நேரலையாக நாம் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தோமே. அதில் வரும் பிரபு கவுண்ட் டி லூனாவாக அவர் உள்ளே வந்ததும் கைதட்டல் ஓயவே இல்லை, இசையே நின்றுவிட்டது. அவர் ஒரு நொடி கவுண்டை மறந்து சிரித்து, நெஞ்சில் கை வைத்து, உடனே முகத்தை இறுக்கிக்கொண்டு வேலையைத் தொடங்கினார். அந்தக் காட்சிகளின் முடிவில் ஆர்க்கெஸ்ட்ராக்காரர்கள் மேடைக்கு முன்னால் தாங்கள் உட்காரும் குழியிலிருந்து அவர் காலடியில் வெள்ளை ரோஜாக்களை எறிந்தார்கள். நீ என் முழங்கையைப் பிடித்திருந்த இடம் மறுநாள் வரை வலித்தது. அன்றோடு நீ கதவைச் சாத்திவிட்டாய், நான் சாத்தவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

அதற்குப் பிறகு நடந்ததையும் நீ கேட்கவேண்டும் என்றுதான் இவ்வளவும் எழுதுகிறேன். 2016 டிசம்பரில் இனி மேடை நாடகமாக ஓபரா பாட முடியாது என்று சொன்னார். குரல் போகவில்லை, உடம்பு நிலைகொண்டு நிற்கவில்லை, அதுதான் காரணம். 2017 மே 7 அன்று மெட்டின் கொண்டாட்டக் கச்சேரியில் யாரும் எதிர்பாராமல் வந்து நின்றார். வெர்டியின் ரிகோலெட்டோ ஓபராவில் ஒரு தகப்பன் தன் மகளைக் கடத்திப்போன அரண்மனைக்காரர்களைத் திட்டித் தீர்த்துவிட்டுக் கடைசியில் அவர்களிடமே கெஞ்சும் பாட்டு. கோபத்தில் பாடும் பகுதியில் பழைய திமா அப்படியே இருக்கிறார். கெஞ்சும் பகுதியில், கீதா, மூச்சு முன்பைவிடச் சீக்கிரம் தேவைப்படுகிறது, அவர் அதை ஒளிக்கவில்லை, வரிக்கு நடுவில் எடுத்துக்கொள்கிறார். ஒரு தகப்பன் அழுதுகொண்டே பேசினால் அங்கேதான் மூச்சு வாங்கும். இருபத்தாறு வயசில் எவ்வளவு அழகாகப் பாடியிருந்தாலும் இது வந்திருக்காது என்று நான் நிச்சயமாகச் சொல்வேன்.

ஜூன் 2 அன்று சொந்த ஊரான கிராஸ்நோயார்ஸ்க்கில் ஒரு கையைக் கழுத்தில் மாட்டிய துணியில் தூக்கிக் கட்டிக்கொண்டு பாடினார். அந்த அக்டோபரில் ஒரு பத்திரிகை அவர் இறந்துவிட்டதாகவே போட்டுவிட்டது, பொய் என்று தெரிந்ததும் நீ போனில் அழுததும் நான் கத்தியதும் இன்னும் காதில் இருக்கிறது. அடுத்த மாதம், இதே நவம்பர் 22 அன்று, அது பொய்யாக இல்லை. 55 வயசு.

மாஸ்கோவில் சாய்க்கோவ்ஸ்கி மண்டபத்தில் அவர் சவப்பெட்டியைத் தூக்கிப்போகும்போது ஜனங்கள் கைதட்டினார்கள். அங்கே கலைஞர்களை அப்படித்தான் வழியனுப்புவார்களாம். அதைப் பார்த்தபோது எனக்கு முதலில் பதறியது, இப்போது அதைவிடப் பொருத்தமாக எதுவும் தோன்றவில்லை. அதே வாரம் மெட்டில் இறந்தவர்களுக்கான பிரார்த்தனை இசையான வெர்டியின் ரெக்வியத்தை அவர் நினைவுக்கென்று பாடினார்கள். அஸ்தியில் ஒரு பங்கு மாஸ்கோவுக்கு, ஒரு பங்கு கிராஸ்நோயார்ஸ்க்குக்கு. அந்த ஊர் விமான நிலையத்துக்கே இப்போது அவர் பெயர். வானத்திலிருந்து இறங்குகிற ஒவ்வொருவர் காதிலும் அந்தப் பெயர் விழும் என்று நினைத்தால் ஒரு நிம்மதி.

முகம் தெரியாத ஒரு மனிதருக்காக நாம் ஏன் இப்படி மாய்ந்துபோகிறோம் என்று கேட்டிருந்தாய். முகம் தெரியாதவரா? நம் கல்லூரி நாட்கள், உன் கல்யாணம், என் அப்பா போன இரவு, எல்லாவற்றிலும் அந்தக் குரல் கூடவே இருந்தது. அப்பா போன இரவு நான் கேட்டது அந்தக் கொக்குப் பாட்டு, போரில் செத்த வீரர்கள் வெள்ளைக் கொக்குகளாகிப் பறந்துபோவதாக வரும் ரஷ்யப் பாட்டு. அன்றைக்கு வேறு யார் பேசியதும் எனக்குள் போகவில்லை.

உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். 2016-ல் லித்துவேனியாவின் கௌனாஸில் அவர் பதிவு செய்த முழு ரிகோலெட்டோ இருக்கிறது. நோய் தெரிந்து ஒரு வருஷம் கழித்துப் பாடியது, அவர் போன அதே நவம்பரில்தான் வெளிவந்தது. அந்தக் கெஞ்சும் பாட்டு வரும் இரண்டாம் அங்கத்தை மட்டும் கேள். தனியாகக் கேட்க முடியாது என்றால் இங்கே வா, சேர்ந்து கேட்போம், அம்மாவும் உன்னைப் பார்த்து ரொம்ப நாளாயிற்று என்கிறாள். கேசட்டைத் தபாலில் அனுப்ப மாட்டேன், வந்தால் உன் கையில் தருகிறேன். டேப் இன்னும் ஓடுகிறது, அதே இடத்தில்தான் தீருகிறது.

அன்புடன்,
உன் செல்வி