திரைக்கு முன்னால் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார்: செயலி எழுதும் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய நண்பர்களே,

கூட்டுறவுச் சங்கங்களுக்கும் நூலகங்களுக்கும் மருந்துக் கடைகளுக்கும் மேசைக் கணினிச் செயலிகள் எழுதித் தருகிறவர்கள் நீங்கள். நானும் பல ஆண்டுகளாக அதே வேலையைத்தான் செய்துவருகிறேன்; பெரும்பாலும் சாளரம், பொத்தான், அட்டவணை போன்றவற்றை ஆயத்தமாகத் தரும் க்யூட் (Qt) சட்டகத்தில். (நம்மில் பலர் அதைக் ‘கியூ-டி’ என்று எழுத்தெழுத்தாகச் சொல்கிறோம். உருவாக்கியவர்கள் ‘க்யூட்’ என்றுதான் உச்சரிக்கிறார்கள்.) அண்மையில் ஒரு சிற்றூரில் கண்ட காட்சிதான் இந்த மடலை எழுத வைத்தது.

கடன் தவணை கட்ட ஏழெட்டுப் பேர் வரிசையில் நின்றிருந்தார்கள். எழுத்தர் அம்மா தொகையைப் பதிந்து ‘சேமி’ பொத்தானை அழுத்தினார். இரண்டு மூன்று நொடிகள் எதுவும் நடக்கவில்லை. மீண்டும் அழுத்தினார். பிறகு திரை வெளுத்து அப்படியே நின்றது. அரை நிமிடம் கழித்து உயிர் வந்தபோது ஒரே தவணைக்கு இரண்டு ரசீதுகள் பதிவாகியிருந்தன. மாலையில் கணக்கு ஒத்துவரவில்லை. விளக்கம் கேட்டு வந்த கடிதம் அந்த அம்மாவுக்குத்தான் வந்தது. நிரல் எழுதியவருக்கு அல்ல. அந்த நிரலைப் பின்னர் நான் திறந்து பார்த்தேன். அதில் இருந்த பிழை நாம் எல்லோரும் ஒரு காலத்தில் செய்த பிழை. இன்னும் செய்துகொண்டிருக்கிறோம் என்பதுதான் என் வருத்தம்.

நடந்தது இதுதான். க்யூட் செயலியின் முதன்மை இழையில் (இழை என்பது கட்டளைகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடும் தடம்) ஒரு நிகழ்வுச் சுழற்சி ஓடிக்கொண்டிருக்கிறது. சுட்டியின் சொடுக்கு, விசைத் தட்டல், ‘இந்தப் பகுதியைத் திரும்ப வரை’ என்ற வேண்டுகோள் எல்லாம் வரிசையில் வந்து நிற்கின்றன; சுழற்சி ஒவ்வொன்றாக எடுத்து உரிய இடத்துக்கு அனுப்புகிறது. ‘சேமி’ பொத்தானின் சிக்னலோடு (‘அழுத்தப்பட்டேன்’ என்ற அறிவிப்பு) இணைத்த ஸ்லாட்டுக்குள்ளேயே (அந்த அறிவிப்பு வந்ததும் ஓடும் செயற்கூறு) சேமிப்பு, தொலைவிலுள்ள சர்வருக்கு அனுப்புதல், ரசீது அச்சிடல் எல்லாவற்றையும் எழுதிவிட்டால், அந்த ஸ்லாட் முடியும்வரை சுழற்சி காத்து நிற்கிறது. திரையை வரைய ஆள் இல்லை. ஆனால் அந்த அம்மாவின் இரண்டாவது சொடுக்கு தொலைந்துபோகவில்லை. வரிசையில் பொறுமையாக நிற்கிறது. முதல் ஸ்லாட் முடிந்தவுடன் அது எடுக்கப்படுகிறது. இரண்டாவது ரசீது பிறக்கிறது.

இதற்குப் பலர் கைக்கொள்ளும் குறுக்கு வழி, நீண்ட வேலையின் நடுவே, வரிசையில் நிற்பவற்றை உடனே எடுக்கச் சொல்லும் ‘பிராசஸ் ஈவன்ட்ஸ்’ செயற்கூற்றை அழைப்பது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். திரை உயிரோடு இருப்பதுபோல் தெரியும். உண்மையில் முதல் சேமிப்பு பாதியில் இருக்கும்போதே இரண்டாவது சொடுக்கை உள்ளே விடுகிறீர்கள். ஒரே ஸ்லாட் தன் வயிற்றுக்குள் மீண்டும் ஒருமுறை தொடங்குகிறது. முன்பு அடுத்தடுத்து வந்த இரண்டு ரசீதுகள் இப்போது ஒன்றுக்குள் ஒன்று சிக்கிக்கொண்டு வருகின்றன. அந்தப் பிழையைத் தேடிக் கண்டுபிடிக்க எனக்கு ஒருமுறை ஒரு வாரம் ஆனது.

செய்ய வேண்டியது வேறு. ஸ்லாட்டின் முதல் வரியில் பொத்தானைச் செயலிழக்கச் செய்யுங்கள். நீண்ட வேலையைத் தனியொரு பொருளாக, க்யூட்டின் அடிப்படை வகையான கியூஆப்ஜெக்ட்டின் வழியில், எழுதி ‘மூவ் டு த்ரெட்’ மூலம் வேறோர் இழைக்கு அனுப்புங்கள். முடிவை அது சிக்னலாக அனுப்பட்டும். அனுப்புபவரும் பெறுபவரும் வெவ்வேறு இழைகளில் இருந்தால் க்யூட் அந்தச் சிக்னலைத் தானாகவே வரிசையில் இட்டு, பெறுபவரின் இழையில் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. முடிவு வந்ததும் பொத்தானை மீண்டும் திறந்துவிடலாம். வேலை தோல்வியடைந்தாலும் அந்தச் சிக்னல் வந்தாக வேண்டும். இல்லையேல் பொத்தான் செத்தே கிடக்கும். எந்த நிலையிலும் அந்த இழையிலிருந்து பொத்தான், புலம் போன்ற ஒரு விட்ஜெட்டையும் தொடாதீர்கள். விட்ஜெட்டுகள் முதன்மை இழைக்கு மட்டுமே உரியவை. பத்து முறை சரியாக ஓடிப் பதினோராவது முறை, அதுவும் மாதக் கடைசியில், விழுந்துவிடும் செயலிகளில் பலவற்றின் கதை இங்கேதான் தொடங்குகிறது.

இதில் இரண்டு இடறுகற்களைப் பற்றி முன்பே சொல்லிவிடுகிறேன். தரவுத்தள இணைப்பை எந்த இழையில் திறந்தீர்களோ அந்த இழையிலேயே பயன்படுத்துங்கள். வேலை செய்யும் இழைக்குத் தனி இணைப்பு வேண்டும். அடுத்தது, ‘நிறுத்து’ பொத்தான். அதன் சிக்னலை வேலைப் பொருளின் ஸ்லாட்டோடு இணைத்துவிட்டு, ஏன் நிற்கவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொள்பவர்கள் உண்டு. அந்த இழை தன் நீண்ட சுழலுக்குள் மூழ்கியிருக்கும்போது வரிசையில் வந்த ‘நிறுத்து’ச் செய்தியை எப்படி எடுக்கும்? ‘ரிக்வெஸ்ட் இன்டரப்ஷன்’ வழியாகக் கொடியை உயர்த்துங்கள். சுழலின் ஒவ்வொரு சுற்றிலும் அந்தக் கொடியைப் பார்க்கச் சொல்லுங்கள். முன்னேற்றப் பட்டைக்கும் ஒவ்வொரு வரிக்கும் ஒரு சிக்னல் அனுப்பாமல் நூறு வரிக்கு ஒன்று அனுப்பினால் போதும்.

அட்டவணைகளைப் பற்றிச் சுருக்கமாக. 40,000 உறுப்பினர்கள், 8 நெடுவரிசைகள் என்றால், கட்டத்துக்கு ஒரு பொருள் வைக்கும் கியூடேபிள்விட்ஜெட்டில் நிரப்பும்போது 3,20,000 சிறு பொருள்களை உருவாக்குகிறீர்கள். கேட்கும் தரவைத் தரும் சொந்த மாடல் ஒன்றை எழுதிக் கியூடேபிள்வியூவிடம் கொடுத்தால் அது கண்ணுக்குத் தெரியும் வரிகளை மட்டும் கேட்டு வாங்கி வரைகிறது. ஒரு வரி மாறியதற்காக மாடல் முழுவதையும் மீட்டமைக்காதீர்கள். எழுத்தர் தேர்ந்து வைத்த வரியும் உருட்டி வந்த இடமும் காணாமற்போகும். இன்னொன்று உயிர்போகும் விஷயம்: வரிசைப்படுத்த, மூல மாடலுக்கும் திரைக்கும் இடையில் நிற்கும் ப்ராக்ஸி மாடல் வைத்தால் திரையில் மூன்றாவதாகத் தெரியும் வரி மூல மாடலில் மூன்றாவது அல்ல. திரையின் வரியை மூல மாடலின் வரியாக மாற்றித் தரும் ‘மேப் டு சோர்ஸ்’ இல்லாமல் நீக்கினால் ஒருவரைத் தேர்ந்தெடுத்து இன்னொருவரை அழிப்பீர்கள்.

இனி எனக்கு மிகவும் நெருக்கமான விஷயத்துக்கு வருகிறேன். நம் செயலிகளில் தமிழ் கடைசி வாரத்தில் ஒட்டப்படுகிறது. முதல் நாளிலேயே உள்ளே வர வேண்டியது அது.

பெயர்ப் புலத்துக்கு ‘எழுத்துகள் மட்டும்’ என்று ஒரு சரிபார்ப்பு எழுதுகிறீர்கள். எழுத்துகளுக்கு எண் தரும் யூனிகோடு முறையில் ம, ண என்பவை எழுத்து வகை. இகரக் குறியும் புள்ளியும் எழுத்து வகையில் இல்லை, குறி வகையில் இருக்கின்றன. ஆகவே ‘மணி’ என்று தட்டினால் புலம் இகரத்தை ஏற்காமல் ‘மண’ என்று நின்றுவிடும். தன் பெயரைத் தன் மொழியில் எழுத முடியாமல் ஒருவர் உங்கள் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறார். சரிபார்ப்பில் குறி வகையையும் சேர்த்துக்கொண்டால் தீர்ந்தது.

நீள எல்லையும் அப்படியே. கிருஷ்ணமூர்த்தி என்ற பெயர் நம் கண்ணுக்கு 8 எழுத்து. க்யூட்டின் சர வகையான கியூஸ்ட்ரிங்குக்கு, குறிகளையும் தனியே எண்ணுவதால், 15 அலகுகள். புலத்துக்கு 12 என்று எல்லை வைத்தால் அவர் ‘கிருஷ்ணமூர்த’ ஆகிவிடுவார். அந்த அறுந்த பெயர் குடும்ப அட்டையோடு ஒத்துப்போகாமல் அவர் எத்தனை முறை அலைவார் என்று எண்ணிப் பாருங்கள். மனிதர் எண்ணுகிறபடி எழுத்துகளை எண்ண வேண்டுமானால் கியூடெக்ஸ்ட்பவுண்டரிஃபைண்டர் இருக்கிறது, பயன்படுத்துங்கள். படிவத்தில் ‘முதல் பெயர், கடைசிப் பெயர்’ என்ற இரண்டு கட்டங்களை வைப்பதையும் விட்டுவிடலாம். நமக்கு வேண்டியது தலைப்பெழுத்தும் பெயரும்.

தேடுதல் இன்னும் நுட்பமானது. ‘கோ’ என்பதைக் ககரத்தோடு ஓகாரக் குறி என்ற ஒரே அலகாகவும் எழுதலாம். ஏகாரக் குறி, துணைக்கால் என்று இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. பழைய எழுத்துரு முறைகளிலிருந்து மாற்றிய தரவுகளில் இரண்டாவது வடிவத்தை நான் பலமுறை கண்டிருக்கிறேன். ‘கோவிந்தன்’ என்று தேடினால் பட்டியலில் இருக்கும் கோவிந்தன் அகப்பட மாட்டார். சேமிக்கும்போதும் தேடும்போதும் சரத்தை ‘நார்மலைஸ்ட்’ வழியாக, பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் சி வடிவத்துக்குக் (NFC) கொண்டுவாருங்கள். ஆனால் ஔவையை ‘ஒ’, ‘ள’, ‘வை’ என்று தட்டியிருந்தால் இதனாலும் பயனில்லை. அதற்குத் தனியாக ஒரு விதி எழுதியாக வேண்டும்.

அகரவரிசையைக் கேளுங்கள். யூனிகோடு எண்களின்படி வரிசைப்படுத்தினால் னகரம் நகரத்துக்கு அடுத்தே வந்துவிடுகிறது. மன்னார்குடி மயிலாடுதுறைக்கு முன்னால் போய் நிற்கிறது. நம் அகராதி வரிசையில் னகரம் கடைசி. ப்ராக்ஸி மாடலில், மொழிக்கேற்ப வரிசைப்படுத்தும் ‘சார்ட் லொகேல் அவேர்’ என்பதை இயக்குங்கள். அதன் பின்னும் விளைவைக் கண்ணால் பாருங்கள், ஏனெனில் அது அடியில் இருக்கும் இயங்குதளத்தைப் பொறுத்து மாறக்கூடும்.

செய்திகளை வெட்டி ஒட்டாதீர்கள். ‘டெலீட்’ என்ற சொல்லோடு கோப்பின் பெயரைக் கூட்டி ஆங்கிலத்தில் செய்தி செய்துவிடலாம். தமிழில் வினை கடைசியில் வருகிறது. முழு வாக்கியத்தையும் மொழிபெயர்ப்புச் செயற்கூற்றுக்குள் வைத்துப் பெயருக்கு இடம் விடுங்கள். அங்கும் வேற்றுமை உருபு காத்திருக்கிறது: இடக்குறிக்குப் பின் ‘ஐ’ சேர்த்தால் ‘ரசீதுஐ நீக்கவா?’ என்று வரும். எந்த மொழிபெயர்ப்புக் கருவியும் அதை ‘ரசீதை’ ஆக்கித் தராது. ‘நீக்க வேண்டியது: ரசீது. நீக்கலாமா?’ என்று வாக்கியத்தையே திருப்பி எழுதுவதுதான் எனக்குத் தெரிந்த வழி.

பொத்தான்களை அங்குலம் அளந்து திரையில் ஒட்டாமல், சொல்லின் நீளத்துக்கேற்ப இடம் தரும் லேஅவுட்டுக்குள் வைத்தால் ‘ரத்து செய்’ பாதியில் வெட்டுப்படாது. குறுக்கு விசையைத் தமிழ் எழுத்தின் மேல் வைக்காமல் கன்ட்ரோல்-எஸ் போல வெளிப்படையாகக் கொடுங்கள். தாவல் வரிசையையும் (டேப் விசையை அழுத்தப் புலத்துக்குப் புலம் நகரும் வரிசை) ஒருமுறை சரிபாருங்கள். நாள் முழுக்கப் பதிவு செய்பவர்கள் சுட்டியைத் தொடுவதே இல்லை.

க்யூட் பிறந்த கதையை நினைத்துக்கொள்கிறேன். 1990 கோடையில் நார்வேயின் ட்ரோண்ட்ஹெய்மில் ஹாவார்ட் நோர்ட், ஐரிக் சாம்பே-எங் என்ற இருவர் மீயொலிப் படங்களுக்கான தரவுத்தளச் செயலி ஒன்றை எழுதிக்கொண்டிருந்தார்கள். அது யூனிக்ஸ், மெக்கின்டாஷ், விண்டோஸ் மூன்றிலும் ஓட வேண்டியிருந்தது. அந்தத் தேவையிலிருந்து வளர்ந்ததுதான் 1995 மே மாதம் வெளியான இந்தச் சட்டகம். எங்கோ ஒரு மருத்துவர் தம் திரையில் ஒரு படத்தைத் தேடி எடுக்க வேண்டும் என்பதற்காகத் தொடங்கிய வேலை அது.

உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். அடுத்த பதிப்பை ஒப்படைக்கும் முன், அந்த அலுவலகத்திலேயே இருக்கும் பழைய கணினியில், அங்கே வேலை செய்பவர் பக்கத்தில் ஒரு முற்பகல் முழுக்க உட்காருங்கள். கிருஷ்ணமூர்த்தி, கோவிந்தன், ஔவை, மணி ஆகிய நான்கு பெயர்களை அவரையே பதியச் சொல்லுங்கள், தேடச் சொல்லுங்கள். பிறகு நெட்வொர்க் கம்பியைப் பிடுங்கிவிட்டுச் ‘சேமி’யை இரண்டு முறை அழுத்தச் சொல்லுங்கள். எத்தனை ரசீதுகள் வருகின்றன என்பதை அவரோடு சேர்ந்து எண்ணுங்கள்.

அன்புடன்,
உங்களைப் போன்ற ஒரு நிரலாளன்